மேலடுக்கில் வந்த ஞாயிற்றுக்கிழமை

காவிரிக் கரையில், தறிச் சத்தம் ராத்திரி பகல் பார்க்காமல் அடித்துக்கொண்டே இருக்கிற ஓர் ஊரில், பாவடித் தெரு என்று ஒரு தெரு இருந்தது. அந்தத் தெருவில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். ரகசியம் சொல்வதென்றாலும் கத்தித்தான் சொல்லியாக வேண்டும் என்பதால் அங்கே ரகசியம் என்று ஒன்று கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. காலண்டரில் சிவப்பாக வரும், கிழித்தால் திங்கள் வந்துவிடும், அதோடு சரி. தறி தானாக நிற்பது கரண்ட் போனால் மட்டும்தான். அப்போதும் தெருவே வாசலுக்கு வந்து கரண்ட் ஆபீஸைத் திட்டுமே தவிர, அப்பாடா என்று யாரும் காலை நீட்டியதில்லை.

ஆனால் இரண்டு வழக்கங்களைப் பாவடித் தெரு உயிர் போனாலும் விடாது. வெளியூர் போய் வந்தவர்கள் பார்க்க வருகிற அக்கம்பக்கத்துக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். அடுத்த வீட்டிலிருந்து பண்டம் வந்த பாத்திரத்தை, அவர்கள் அதைப் போசி என்பார்கள், வெறும் போசியாகத் திருப்பித் தரக் கூடாது. கொஞ்சம் சர்க்கரையோ ஒரு கொத்துக் கருவேப்பிலையோ போட்டுத் தர வேண்டும், எதுவுமே இல்லாத வீடென்றால் நாலு கல் உப்பு. வசந்தாமணி தன் ஒரே மகள் கோகிலவாணிக்கு நடக்கக் கற்றுக்கொடுத்த கையோடு இதையும் கற்றுக்கொடுத்திருந்தாள். பல் விழுகிற வயதில் அவள் எதிர்வீட்டுப் போசியைத் திருப்பிக் கொண்டுபோனபோது அதில் அன்றைக்கு விழுந்த தன் பால்பல்லைப் போட்டுக் கொடுத்ததைத் தெரு இன்னும் சொல்லிச் சிரிக்கும்.

அந்தக் கோகிலவாணி இப்போது சென்னையில், தியாகராய நகரில், ஏழு மாடித் துணிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிற்பதுதான் வேலை. காலையில் கடை திறக்கும்போது நின்றால் ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம், அதனால் ஞாயிறு லீவு கடையில் யாருக்கும் இல்லை. எப்படியோ யார் யாரையோ கெஞ்சி, ஆடி மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் லீவு வாங்கிவிட்டாள். "அம்மா, நீயும் அப்பாவும் சனிக்கெழமையே வந்துருங்க, ஞாயித்துக்கெழம முழுசா நம்மளுது" என்று போனில் அவள் சொன்னபோது வசந்தாமணி அதை ஓடுகிற தறிக்கு மேலே கத்தித் தெருவுக்கே சொன்னாள்.

மகளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை என்னென்ன செய்ய வேண்டும் என்று வசந்தாமணி தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே மனசுக்குள் வரிசையாகச் செய்து பார்த்தாள். தலைக்கு நல்லெண்ணெய் வைத்து அரப்புப் போட்டுத் தேய்த்துவிட வேண்டும், ஈரம் காயக் காய மடியில் போட்டுச் சிக்கெடுக்க வேண்டும், சாயங்காலம் மூன்று பேருமாகக் கடலுக்குப் போய் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நாட்டுக்கோழி வறுத்து, டிபன் கேரியரின் கீழ் இரண்டு அடுக்கிலும் திணித்து, மேலடுக்கில் இனிப்புக்குக் கச்சாயம் சுட்டு வைத்து, புருஷன் அர்த்தநாரியை இழுத்துக்கொண்டு ரயிலேறினாள். அர்த்தநாரி அதிகம் பேசாத ஆள். முப்பது வருஷம் தறிக்கு நடுவில் நின்று அவருக்குக் காதும் கொஞ்சம் மந்தம்.

சனிக்கிழமை, மகள் தங்கியிருந்த கடை ஹாஸ்டல் வாசலிலேயே வாட்ச்மேன் நிறுத்திவிட்டார், பெற்றவர்களாக இருந்தாலும் மாடிக்கு விடமாட்டார்களாம். கேரியரை அவரிடம் கொடுத்துவிட்டு இருவரும் மகளைப் பார்க்கக் கடைக்கே போனார்கள். மூன்றாவது மாடியில் கோகிலவாணி கருஞ்சிவப்புச் சேலையில், கொண்டையில் பிளாஸ்டிக் பூவோடு நின்றாள். பின்னால் சூப்பர்வைசர் நின்றார். அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு விநாடி வீட்டு முகமாகி, உடனே கடை முகமாயிற்று.

"வாங்கம்மா. என்ன பாக்கறீங்க?"

"உன்னத்தான் பாக்க வந்தோம் சாமி" என்று வசந்தாமணி வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "சேல பாக்கலாம்னுதான்" என்றாள். மகள் சேலையை எடுத்து விரித்தாள். இன்னொன்றை விரித்தாள். பிடிக்கவில்லை என்று இவள் தலையாட்ட, அவள் மறுபடி விரிக்க, இப்படியே தாயும் மகளும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒருவர் கையை ஒருவர் சேலைக்கு அடியில் தொட்டுக்கொண்டு, மலைபோலச் சேலை குவியும்வரை நின்றார்கள். அர்த்தநாரி மட்டும் ஒரு காட்டன் சேலையின் முந்தானையைப் புரட்டிப் பார்த்து, "இது நம்மூரு பக்கத்துத் துணிதான்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போகட்டும், நாளைக்கு ஞாயிறு முழுசாக இருக்கிறதே என்று அன்றிரவு லாட்ஜில் படுத்தார்கள். விடிந்ததும் ஹாஸ்டல் வாசலுக்குப் போனால், கோகிலவாணி அதே கருஞ்சிவப்புச் சேலையில் கண் சிவந்து ஓடி வந்தாள். ஆடித் தள்ளுபடிக் கூட்டம், வந்தே ஆக வேண்டும் என்று கடையிலிருந்து போன் வந்துவிட்டது. கழுவித் துடைத்த கேரியரை அம்மா கையில் கொடுத்தாள்.

"ரூம்ல எல்லாரும் சாப்புட்டுட்டோம்மா. வெறும் போசியாத்தான் குடுக்கறேன். போட்டுக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்ல."

"அதனால என்ன, போச்சாது போ கண்ணு, நேரமாச்சு பாரு" என்றாள் வசந்தாமணி.

அன்று முழுக்க இருவரும் கடைக்கு எதிர் நடைபாதையில் உட்கார்ந்து மூன்றாவது மாடிக் கண்ணாடியையே பார்த்தார்கள். கருஞ்சிவப்பாக நிறைய உருவங்கள் நகர்ந்தன, எது தங்கள் பெண் என்று தெரியவில்லை. எண்ணெய்ப் புட்டி பைக்குள்ளேயே இருந்தது. கடல் இருக்கிற இடத்திலேயே இருந்தது. சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பியபோது அர்த்தநாரி கேரியரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "காலி கேரியர் என்ன இந்தக் கனம் கனக்குது?" என்றார். வசந்தாமணிக்கு நெஞ்சே கனத்துக் கிடந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து கேரியரைத் திறந்தாள். கீழ் அடுக்குகள் இரண்டும் காலி. மேலடுக்கில் விளிம்பு தளும்ப அந்த ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

தேங்காய்ப்பால் திரண்ட மாதிரி, இளஞ்சூடாக இருந்தது. மூடியைத் திறந்ததும் தெருவின் தறிச் சத்தமெல்லாம் ஆற்றுக்கு அக்கரை போய்விட்டது, சுவரில் காலை வெயில் பதினொரு மணி வெயிலாக மாறிச் சோம்பலாகச் சாய்ந்தது, எங்கிருந்தோ கறி தாளிக்கிற வாசமும் பாதியில் தொடங்கின ரேடியோப் பாட்டும் வந்தன, அர்த்தநாரிக்குப் பல வருஷத்துக்குப் பிறகு தன் மூச்சே தன் காதில் கேட்டது. அவர் பாயை விரித்தார். வசந்தாமணிதான் பதறி மூடியைப் போட்டாள்.

"எந்திரிங்க! இது புள்ள லீவு. போட்டுக் குடுக்க ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு, இருந்த ஒண்ணையும் போட்டுக் குடுத்துட்டாளே! அவ வர்ற வரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது."

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டுத் தெய்வானை வந்தாள். வீட்டுக்குள்ளேயே இரண்டு தறி போட்டு ஓட்டுகிறவள், சென்னையிலிருந்து என்ன வந்திருக்கிறது என்று பார்க்க வந்தாள். இருந்த துக்கத்தில் சென்னையில் எதுவும் வாங்கவேயில்லை என்பது வசந்தாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. வந்தவளை வெறுங்கையோடு அனுப்பினால் தெரு என்ன சொல்லும்? தெரு சொல்வது கிடக்கட்டும், அனுப்ப அவளுக்கே கை வராது. ஒரே ஒரு கரண்டி மொண்டு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். தெய்வானை அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து வைத்தாள். தறி ஓடிக்கொண்டே இருக்க, அதன் சத்தம் மட்டும் வீட்டைவிட்டுப் போய்விட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பகலில் கண் மூடாத அந்தப் பெண்பிள்ளை, வாயைத் திறந்து போட்டுக்கொண்டு மத்தியானம் வரை தூங்கினாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? சென்னைப் பயணம் எப்படி இருந்தது என்று விசாரிக்கத் தெருவே வந்தது. விசாரிக்க வருகிறவர்கள் போசி எடுத்து வருவது மரியாதை இல்லை என்பதால் வசந்தாமணி வீட்டு டம்ளரிலும் கிண்ணத்திலும் வட்டிலிலும் ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போயிற்று. லாரி டிரைவர் பொன்னுரங்கம் சொம்பில் வாங்கிக்கொண்டு நாக்பூர் போனவர், வழியில் ஒரு புளியமர நிழலில் அதைத் திறந்து வைத்து, வீட்டுக்கு போன் போட்டு, காரணமே இல்லாமல் பெண்சாதியோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தம்மா பயந்துபோய் லாரி எங்கேயாவது கவிழ்ந்துவிட்டதா என்று கேட்டாள். தறிப் பட்டறை முதலாளியும் வந்தார். இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டு போய், தறிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன்னிடம் வேலை செய்கிறவர்களின் குரல் எப்படி இருக்கும் என்று முதல்முறையாகக் கேட்டுவிட்டு, யோசனையாக எழுந்து போனார்.

இது எப்படி நடக்கும் என்று பாவடித் தெருவில் யாரும் கேட்கவில்லை. இதை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் பேச்சு. போசி திறந்திருக்கிற வீட்டில் எந்த நாளானாலும் ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறுவரைதான் என்று பிள்ளையார் கோயில் பூசாரி தீர்த்துச் சொன்னார். கறிக்கடைக்காரர் புதன்கிழமையும் ஆடு உரிக்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் இன்றைக்கு ஞாயிறு என்று பள்ளிக்கூடம் போகாமல் நின்ற பிள்ளைகளைப் பிடித்துவர, வாத்தியாரம்மா ஒருத்தி அந்த வீடுகளுக்கே போய், அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து தாயக்கட்டை உருட்டிவிட்டு வந்தாள்.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. வாங்கிப்போன போசி ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. யாரும் அபகரிக்க நினைக்கவில்லை, பாவம். வெறும் போசியாகத் தரக் கூடாதே. ஞாயிற்றுக்கிழமை வந்த போசியில் எதைப் போட்டுத் திருப்பித் தருவது? சர்க்கரையா, கருவேப்பிலையா? போட்டுப் பார்த்தவர்களுக்கே அது கேவலமாகத் தெரிந்தது. எல்லாரும் போசியைத் துலக்கித் துலக்கி அலமாரியில் வைத்து, வசந்தாமணியைத் தெருவில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். இங்கே அர்த்தநாரி குண்டான் மூடியில் டீ குடித்தார்.

"ஏம்புள்ள, இல்லைங்கற வார்த்தை உன்ற வாயில வராதா? கேரியர்ல பாதிகூட இல்ல."

"இனிமேக் குடுத்தா என்னன்னு கேளுங்க" என்று அவள் கேரியரைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

நிஜமாகவே கொடுக்கவில்லை. மொண்ட கரண்டிகளை நினைத்து, மகளின் முடியையே யாரோ வெட்டி விற்றுவிட்ட மாதிரி அவளுக்கு ராத்திரியெல்லாம் உறுத்தியது. போனில் மகளிடம் சொல்லவும் வாய் வரவில்லை. ஆனால் தெய்வானையின் புருஷனை நெஞ்சு ஆபரேஷனுக்குக் கோயமுத்தூர் கொண்டுபோக வேண்டிவந்தபோது, தெய்வானை வாசலில் வந்து ஒன்றும் கேட்காமல் நின்றாள். பயந்து நடுங்கிக் கிடக்கிற மனுஷன், ஒரு பொழுதாவது அமைதியாகத் தூங்கி எழுந்து கத்திக்குப் போகட்டும் என்றுகூட அவள் சொல்லவில்லை, அவள் முகம்தான் சொல்லியது. வசந்தாமணி பீரோவைத் திறந்தாள். கொஞ்சமாவது மிச்சம் வைக்கலாம் என்றுதான் மொண்டாள். அப்புறம், அரைகுறை அமைதியை வைத்து அந்த மனுஷன் என்ன செய்வான் என்று மேலடுக்கை வழித்தே கொடுத்துவிட்டாள்.

தெய்வானையின் புருஷன் பிழைத்து வீடு வந்து சேர்ந்த வாரம், கோகிலவாணி போன் செய்தாள். ஒரு நாள் விட்டிருக்கிறார்கள், புதன்கிழமை காலையில் வந்து சாயங்கால ரயிலுக்கே திரும்ப வேண்டும்.

வந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள், அம்மா சமையலறையிலிருந்து வந்ததும் சட்டென்று எழுந்து நின்றாள். உட்கார் என்றதும் உட்கார்ந்தாள், அப்பா வாசலிலிருந்து வந்தார், மறுபடியும் எழுந்து, கையைக் கட்டி, "வாங்க சார், என்ன பாக்கறீங்க?" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அர்த்தநாரி காது கேட்காதவர் போலத் திரும்பி வாசலுக்கே போய்விட்டார்.

வசந்தாமணி மகளின் காலடியில் உட்கார்ந்து அத்தனையும் சொன்னாள். "நீ போட்டுக் குடுத்தத ஊருக்கே அள்ளிக் குடுத்துட்டேன் சாமி. ஒரு சொட்டுகூட மிச்சம் இல்ல. நானெல்லாம் ஒரு அம்மாவா?"

கோகிலவாணி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அந்த ஞாயித்துக்கெழம கேரியருக்குள்ளயா இருந்துச்சு? விடும்மா. அது எப்பிடி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெருவில் யாரோ வாசலைக் கடந்துபோக, எழுந்து நின்றாள்.

மகளுக்குச் சோறு போடலாம் என்று போனால் வட்டில் இல்லை, தண்ணீர் கொடுக்க டம்ளர் இல்லை. வசந்தாமணி மானத்தை விட்டு எதிர்வீட்டுக்குப் போனாள். கொடுத்த போசியைக் கேட்டு வாங்குவது அந்தத் தெருவில் அதுவரை யாரும் செய்யாத காரியம்.

"தெய்வான, ஒரு டம்ளர் மட்டும் குடுத்துரு. வெறும் டம்ளரே போதும். புள்ள வந்திருக்கறா. உக்கார மாட்டேங்கறா. யாரப் பாத்தாலும் எந்திரிச்சு நின்னுக்கறா" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

தெய்வானை டம்ளரை எடுத்தாள். வெறும் டம்ளரைக் கொடுக்க அவளால் முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், ஓடிக்கொண்டிருந்த தறியைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினாள். ஆளும் கரண்டும் இருக்கும்போது அந்த வீட்டில் தறி நின்றது அதுதான் முதல்முறை. நின்ற தறிக்கு அடியில் அவள் டம்ளரைப் பிடித்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தறிக்குள் இத்தனை காலம் அடைபட்டுக் கிடந்த நிசப்தம் சொட்டுச் சொட்டாக விழுந்து, டம்ளர் நிரம்பியது.

பாவடித் தெருவில் ஒரு தறி குறைந்தால், வாயில் ஒரு பல் குறைந்த மாதிரி எல்லாருக்கும் தெரியும். என்ன ஆச்சு என்று ஓடி வந்தவர்களிடம் தெய்வானை பழக்க தோஷத்தில் கத்திச் சொன்னாள்: "கோகி வந்திருக்கறா! போசியத் திருப்பிக் குடுக்க வேண்டாமா?"

போட்டுத் தர வேண்டியது என்ன என்பது அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. ஒரு வீட்டில் தறி நின்றது, அடுத்த வீட்டில் நின்றது. பட்டறையில் முதலாளியே சுவிட்சை இறக்கிவிட்டு, தன் கையாலேயே போசி பிடித்தார். தறி இல்லாத வீட்டார் இருப்பதைப் போட்டார்கள். பொன்னுரங்கம் சொம்பில் புளியமரத்து நிழலைக் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார். கறிக்கடைக்காரர் மூடி போட்ட கிண்ணத்தில் தாளிக்கிற வாசம் கொண்டு வந்தார். வாத்தியாரம்மா பள்ளிக்கூடம் விடுகிற மணிச் சத்தத்தைப் பிடித்து வந்தாள். ஒவ்வொருவராக வசந்தாமணி வீட்டில் போசியை வைத்து, மூடியைத் திறந்துவிட்டு, வாசலோடு திரும்பிப் போனார்கள்.

சென்னையில் வீணாய்ப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லை இது. ஒட்டுப்போட்ட ஞாயிறு. ஒரு மூலையில் காலை பத்து மணியாகவும் இன்னொரு மூலையில் மத்தியானமாகவும் இருந்தது, இரண்டு வேறு பாட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. ஆனாலும் தெருவில் ஆற்றுச் சத்தம் கேட்டது. ஊர் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது என்று பலருக்கு அன்றுதான் ஞாபகம் வந்தது. வசந்தாமணி எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். மகள் தலையில் உள்ளங்கையால் தட்டித் தட்டி வைத்தாள், அரப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள், திரும்பி வந்த வட்டிலில் சோறு போட்டு உருட்டி ஊட்டினாள், ஈர முடியை மடியில் பரப்பிச் சிக்கெடுத்தாள். மனசுக்குள் எத்தனையோ முறை செய்து பார்த்ததை இப்போது கை செய்தது. கோகிலவாணி மடியிலேயே தூங்கிப்போனாள். தூக்கத்தில் ஒருமுறை "என்ன கலர் பாக்கறீங்க மேடம்" என்றாள், பிறகு அதுவும் நின்றது.

நாலரை ஆனதும், நல்ல காரியம் தொடங்கக் கூடாத நேரம், ஆறுமணிவரை புள்ளையைக் கிளப்பாதீர்கள் என்று பூசாரி வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போனார். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. கோகிலவாணி கண் விழித்து, சுவரில் சாய்ந்து, வீங்கிய கால்களை நீட்டிப் போட்டாள்.

அப்போது அர்த்தநாரி உள்ளே வந்தார். வாசற்படியில் காலை வைத்தவர், எங்கே எழுந்துவிடுவாளோ என்று பயந்து அப்படியே நின்றார். வசந்தாமணியும் சீப்பைக் கையில் பிடித்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கோகிலவாணி எழுந்திருக்கவில்லை. நீட்டிய காலைக்கூட மடக்கவில்லை.

"அப்பா, ஒரு டம்ளர் தண்ணி" என்றாள்.

அவர் ஓடிப்போய் மொண்டு வந்தார். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, "வேற என்ன சாமி வேணும்?" என்று கேட்டார். அவர் கண் நிறைந்திருந்தது.

"ஒண்ணும் வேண்டாம்ப்பா" என்றாள் கோகிலவாணி. "சும்மா உக்காந்திருக்கறேன்."